யுத்த காலத்தில் நம் வீட்டுப் பெண்கள்

(நமது சங்கத்தின் ராமச்சந்திராபுரம் உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "நீங்கள் சயன்ஸ் படித்தவர், ஏதாவது விஞ்ஞான விஷயமாகப் பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன்தான். ஆனால் அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன். கோப்பு பார்த்துப் பழகியவனுக்கு ஒரு குணம் உண்டு. எந்தச் செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது, எது எழுதப்படாமல் விட்டுப்போயிற்று என்று தேடிக்கொண்டே இருப்பான். இன்று நான் பேசப்போவது அப்படி எழுதப்படாமல் விட்டுப்போன ஒரு செலவைப் பற்றி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது நம் வீடுகளில் 13, 14 வயதுப் பெண் குழந்தைகளாக இருந்தவர்கள் கொடுத்த விலையைப் பற்றி.

நாம் கூடியிருக்கும் இந்த ஊருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. ராமச்சந்திராபுரத்தில் கனரக மின்சாதனத் தொழிற்சாலை 1963-இல் நிறுவப்பட்டு, செக்கோஸ்லோவாகியாவின் உதவியோடு 1965-இல் உற்பத்தி தொடங்கியது. வேலைக்காகப் பல மாநிலங்களிலிருந்தும் இங்கே குடும்பங்கள் வந்தன. அவற்றில் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அப்படி வந்த முதல் தலைமுறை மாமிகளை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பழைய நூல்கண்டைத் தூக்கிப் போடமாட்டார்கள். சாமான் கட்டி வந்த காகிதத்தை நீவி மடித்து வைப்பார்கள். அரிசி டின்னில் எப்போதும் பத்து நாளைக்கு அதிகமாகவே இருக்கும். நாம் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பலருடைய விஷயத்தில் அது 1942-இல் போய் நிற்கும்.

யுத்தம் வாசலுக்கு வந்த விதம்

முதல் உலக யுத்தம் சென்னைக்கு ஒரே ஒரு ராத்திரிதான் வந்தது. 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல் துறைமுகத்துக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போய்விட்டது. "அவன் சரியான எம்டன்" என்ற பிரயோகம் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

இரண்டாவது யுத்தம் அப்படிப் போகவில்லை. 1939 செப்டம்பர் 3 அன்று வைஸ்ராய் லின்லித்கோ, நம் தலைவர்கள் யாரையும் கலக்காமலேயே, இந்தியாவும் யுத்தத்தில் இருப்பதாக அறிவித்தார். அதை எதிர்த்து ராஜாஜியின் மந்திரிசபை ராஜினாமா செய்தது. இருந்தாலும் முதல் இரண்டு வருஷம் நம் வீடுகளுக்கு அது பத்திரிகைச் செய்திதான். 1941 டிசம்பரில் ஜப்பான் இறங்கிய பிறகு நிலைமை மாறியது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8-இல் ரங்கூன் விழுந்தது. அதே மாதம் அந்தமான் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. அடுத்தது சென்னைதான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள்.

சித்திரபானு வருஷப் பிறப்புக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவசியமான வேலையில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பிரிந்து போயின. தலைமைச் செயலகத்தின் பகுதிகள் ஊட்டிக்குப் போயின. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்குப் போயிற்று. மிருகக்காட்சி சாலையைச் சென்னையில் 'உயிர் காலேஜ்' என்பார்கள். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் மிருகங்கள் தெருவுக்கு வந்துவிடுமே என்று, அங்கிருந்த சிங்கம், புலி முதலியவற்றை மலபார் ஸ்பெஷல் போலீஸைக் கொண்டு சுட்டுவிட்டார்கள். எழும்பூரில் ரயிலுக்குக் கூட்டம் சொல்லி முடியாது. மாட்டு வண்டியில் புறப்பட்டவர்களும் உண்டு, நடந்தே புறப்பட்டவர்களும் உண்டு. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வீடுகள் காலியாகக் கிடந்தன. வந்த விலைக்கு வீட்டை விற்றுவிட்டுப் போனவர்களும் உண்டு. நம் வீடுகளில் இதற்கு ஒரே பெயர்: 'எவாகுவேஷன்'. என் அம்மா கடைசிவரை 1942 என்று சொன்னதில்லை, 'எவாகுவேஷன் வருஷம்' என்றுதான் சொல்லுவாள்.

நாலாவது பாரம்

என் அம்மா 1928-இல் பிறந்தவள். அந்த ஏப்ரலில் அவளுக்கு 14 வயது. மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நாலாவது பாரம் எழுதிக்கொண்டிருந்தாள். கணக்கில் வகுப்பில் முதல். தாத்தா பாரிமுனையில் குமாஸ்தா. அவர் மட்டும் வேலைக்காகச் சென்னையில் தங்கிவிட்டு, பாட்டியையும் குழந்தைகளையும் கும்பகோணத்துக்கு எட்டு மைல் தள்ளியிருந்த சொந்த கிராமத்துக்கு அனுப்பிவிட்டார். "பள்ளிக்கூடம் திறந்ததும் வந்துடலாம்" என்று அம்மா புஸ்தகங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் தனியாக எடுத்துக்கொண்டு போனாளாம்.

இரண்டு மூன்று மாதத்தில் சென்னைக்கு ஜனங்கள் திரும்ப ஆரம்பித்தார்கள். ஆனால் இருந்த வாடகை வீட்டைத் தாத்தா விட்டுவிட்டார். மறுபடியும் குண்டு விழும் என்ற பயமும் போகவில்லை. அந்தப் பயம் வீணும் அல்ல, 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னைத் துறைமுகப் பக்கம் குண்டு போட்டுவிட்டுத்தான் போயிற்று. ஆகவே குடும்பம் கிராமத்திலேயே தங்கிவிட்டது.

என் மாமா அம்மாவுக்கு இரண்டு வயது மூத்தவர். அவரைக் கும்பகோணத்தில் உறவுக்காரர் அகத்தில் விட்டுப் படிக்க வைத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கிராமத்துக்கு வருவார், திங்கட்கிழமை காலையில் போவார். அம்மாவை? "வயசுப் பொண்ணை எங்கே கொண்டு விடறது?" என்று பாட்டி கேட்டாள். யாரிடமும் பதில் இல்லை. அதை யாரும் ஒரு தீர்மானமாக எடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். "இவளைப் படிக்க வைக்க வேண்டாம்" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஜூன் மாதம் வந்தது, மாமா போனார், அம்மா போகவில்லை. அவ்வளவுதான்.

சாரதா சட்டம் 1930-இல் அமலுக்கு வந்து, பெண்ணுக்குக் குறைந்தபட்ச விவாக வயது 14 என்று ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வரையில் விவாகப் பேச்சை ஒத்திப்போட ஒரு காரணம் இருந்தது. பள்ளிக்கூடம் நின்றதும் அந்தக் காரணமும் போய்விட்டது. 1944 வைகாசியில் அம்மாவுக்குக் கல்யாணம் நடந்துவிட்டது, ரேஷன் சர்க்கரையை நாலு வீட்டில் கடன் வாங்கி.

சமையலறையில் நடந்த யுத்தம்

அந்த இரண்டு வருஷத்தில் ஒரு பெண் குழந்தை வீட்டுக்குள் எதையெல்லாம் பார்த்தாள் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். யுத்தத்தை ஒவ்வொரு நாளும் கையால் தொட்டவர்கள் அவர்கள்தான்.

முதலில் கடிகாரம். 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வெளிச்சத்தை மிச்சப்படுத்த யுத்த கால ஏற்பாடு. சூரியன் என்னவோ தன் பாட்டுக்குத்தான் வரும். மார்கழி மாதத்தில் சென்னைப் பக்கம் சூரியோதயமாகும்போது கடிகாரம் ஏழு இருபதைத் தாண்டியிருக்கும். ராகு காலத்தைப் புது மணிக்குப் பார்ப்பதா, பழைய மணிக்குப் பார்ப்பதா என்று அக்ரஹாரத்தில் தினமும் தர்க்கம். பௌதிகம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ராகு காலம் சூரியோதயத்தை வைத்துக் கணக்கிடுவது, ஆகவே பழைய மணிதான் சரி. அம்மாவும் அந்த வயதிலேயே இதைத்தான் சொன்னாளாம். சின்னப் பெண் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்தது காசு. யுத்தத்துக்கு உலோகம் வேண்டியிருந்தது. வெள்ளி ரூபாயில் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தார்கள். 1943-இல் நடுவில் துவாரம் போட்ட காலணா வந்தது. 'ஓட்டைக் காலணா' என்று இங்கே எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறதோ தெரியவில்லை. செம்பை மிச்சப்படுத்தத்தான் அந்த ஓட்டை.

பிறகு அரிசி. பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வருஷத்துக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி வந்துகொண்டிருந்தது. ரங்கூன் விழுந்ததும் அது அடியோடு நின்றுபோயிற்று. 1943-இல் சென்னையில் ரேஷன் வந்தது. படியும் ஆழாக்குமாக அளந்து பழகியவர்கள் அவுன்ஸ் கணக்குக் கற்றுக்கொண்டார்கள். யுத்தம் முடிந்த பிறகும் நிலைமை சரியாகவில்லை. 1946-இல் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 அவுன்ஸ் தானியம் என்று குறைத்தார்கள், அதாவது சுமார் 340 கிராம். அதிலும் ஒரு பகுதி கோதுமையோ சோளமோவாக இருக்கும். அரிசியையே சாப்பிட்டு வளர்ந்த வீடுகளில் கோதுமையை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. கஞ்சி வைத்துப் பார்த்தார்கள், உடைத்து உப்புமா பண்ணிப் பார்த்தார்கள். 1952-இல் ராஜாஜி ரேஷனை எடுக்கும்வரை இந்தக் கூத்து நீடித்தது. ரேஷன், கன்ட்ரோல், பர்மிட், க்யூ, பிளாக் என்று எத்தனை வார்த்தைகள் நம் சமையலறைக்குள் புகுந்தன பாருங்கள்.

நம் வீடுகளில் யாரும் பட்டினியால் சாகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அதே 1943-இல் வங்காளத்தில் பஞ்சத்தால் இறந்தவர்கள் 30 லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே வந்தார்கள், வழியிலேயே பல ஆயிரம் பேர் மாண்டார்கள். அம்மாவின் கிராமத்திலேயே கோடி வீட்டுக்கு அப்படி ரங்கூனிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அம்மா வயதுதான். சித்தப்பாவோடு வந்தாள். அவளுடைய தாயார் வழியில் போய்விட்டாள். "அவ அழுது நான் பார்த்ததே இல்லை. ஆனா ராத்திரி அவ மட்டும் செருப்பைத் தலைமாட்டுல வெச்சுண்டு தூங்குவா" என்று அம்மா சொல்லுவாள்.

கடைசியாக மண்ணெண்ணெய். பர்மா எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷாரே ஜப்பானியருக்குக் கிடைக்கக்கூடாது என்று நாசம் செய்துவிட்டார்கள். எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தது. கிராமத்தில் மின்சாரம் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு அரிக்கேன் விளக்கு, அதுவும் ராத்திரி எட்டு மணி வரை. சனி, ஞாயிறுகளில் மாமா வந்தால் விளக்கு மாமாவுக்கு. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை அல்லவா? அம்மா சொல்லுவாள்: "உங்க மாமா சத்தம் போட்டுப் படிப்பான். வெளிச்சம் எங்கே முடியறதோ அங்கே நான் உக்காந்துண்டு அரிசியில கல் பொறுக்கிண்டே கேட்டுண்டிருப்பேன். அல்ஜிப்ரா அப்படி வந்ததுதான்."

பிற்காலத்தில் எங்கள் நாலு பேருக்கும் எஸ்.எஸ்.எல்.ஸி. வரை கணக்கு சொல்லிக்கொடுத்தது அம்மாதான். 'ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்' என்பதை அடுப்பங்கரைத் தரையில் கோலப்பொடியால் கட்டம் போட்டுக் காட்டுவாள். நான் கல்லூரியில் பௌதிகம் எடுத்ததற்கு அந்தக் கட்டம்தான் காரணம்.

அதே வயதில் மற்றவர்கள்

அதே வருஷங்களில் அதே வயதுப் பெண்கள் வேறு இடங்களில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று பார்த்தால் நமக்குச் சில விஷயங்கள் புரியும்.

இங்கிலாந்தில் 1939 செப்டம்பர் ஆரம்பத்தில், மூன்று நான்கு நாளில், சுமார் 15 லட்சம் பேரை நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகள். ஆனால் ஒரு வித்தியாசம். ஆசிரியர்களையும் கூடவே அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தையே நகர்த்தினார்கள் என்று சொல்லலாம். பின்னால் ராணியான எலிசபெத், 14 வயதில், 1940 அக்டோபரில் வானொலியில் குழந்தைகளுக்காகப் பேசினார். 18 வயதில் ராணுவத் துணைப்படையில் சேர்ந்து லாரி ஓட்டவும் இயந்திரம் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார். அங்கே பெண்களின் உழைப்பு யுத்தக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

மலாயாவில் நம் தமிழ்ப் பெண்களின் கதை வேறு. ஜப்பானியர்கள் சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்குத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். பலர் திரும்பி வரவில்லை. ஆண்கள் இல்லாத லயன்களில் பெண்களும் குழந்தைகளும் கிழங்கு பயிரிட்டுப் பிழைத்தார்கள். அந்தப் பெண்களில் பலர், 1943-இல் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அதற்குத் தலைமை ஏற்ற கேப்டன் லட்சுமி நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர், அம்மு சுவாமிநாதனின் புதல்வி. கோலாலம்பூர் ஜானகி தேவர் அந்தப் படையில் சேர்ந்தபோது அவருக்கு 18 வயது. 2000-ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது.

சென்னையிலேயே ஒரு உதாரணம் சொல்கிறேன். இந்த ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டியது. ஏ. லலிதா என்பவர் 15 வயதில் விவாகமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அந்தக் காலத்தில் ஒரு பால்ய விதவைக்கு என்ன கதி என்று உங்களுக்குத் தெரியும். அவர் மகளை 1940-இல் கிண்டியிலேயே மின்பொறியியலில் சேர்த்தார். யுத்தத்தின் காரணமாகப் படிப்புக் காலத்தைச் சில மாதங்கள் குறைத்ததால், ஒரு வருஷம் பின்னால் சேர்ந்த தெரேசியா, லீலாம்மா என்ற இரண்டு பெண்களும் லலிதாவும் சேர்ந்தே பட்டம் பெற்றார்கள். ஆண்பாலில் அச்சிட்டிருந்த சான்றிதழில் அதை அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்களாம். லலிதா பிறகு கல்கத்தாவில் பெரிய மின்சாதனக் கம்பெனியில் பொறியாளராக இருந்து பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் வேலைகளிலும் பங்கு கொண்டார். டர்பைனும் ஜெனரேட்டரும் செய்கிற இந்த ஊரில் அவர் பெயர் ஒரு தெருவுக்காவது இருக்கலாம்.

யுத்தம் ஒரு பெண்ணின் படிப்பை நிறுத்தியது, இன்னொரு பெண்ணின் படிப்பைச் சில மாதம் சீக்கிரமாகவே முடித்துக் கொடுத்தது. இரண்டுக்கும் நடுவில் இருந்தது புத்தி வித்தியாசம் அல்ல. லலிதாவின் வீட்டில் யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து ஒரு தீர்மானம் எடுத்தார். என் அம்மாவின் விஷயத்தில் தீர்மானம் என்று ஒன்று எடுக்கப்படவே இல்லை. நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். கஷ்ட காலத்தில் பெண் குழந்தையின் படிப்பை யாரும் நிறுத்துவதில்லை, அது தானாகவே நின்றுவிடுகிறது. நிற்காமல் இருக்கவேண்டுமானால்தான் யாராவது ஒருவர் முனைந்து ஏதாவது செய்யவேண்டும்.

1965

அம்மா அப்படி முனைந்து செய்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா 1946-இல் பிறந்தவள். 1962-இல் சீன யுத்தத்தின்போது அவளுக்கு 16 வயது. பள்ளியில் எல்லைப்புற ஜவான்களுக்காகக் கம்பளி பின்னினார்கள். தேசியப் பாதுகாப்பு நிதிக்குப் பெண்கள் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார்கள். 1965-இல் அவள் திருச்சியில் பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷ ஆரம்பத்தில் மொழிப் போராட்டத்தால் கல்லூரிகள் மூடிக் கிடந்தன. செப்டம்பரில் பாகிஸ்தானோடு யுத்தம். லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விடச் சொன்னார், எங்கள் வீட்டிலும் விட்டோம். அரிசிக்குத் தட்டுப்பாடு, விலைவாசி ஏற்றம். அப்பா சம்பளத்தில் நாலு குழந்தைகள் படிப்பு.

அந்த நவராத்திரியின்போது என் பெரியப்பா ஒரு ஜாதகத்தோடு வந்தார். நல்ல மனுஷர், எங்கள் மேல் உயிர். "விலைவாசி இப்படி ஏறிண்டு போறது. நாலு பேரையும் நீ எப்படிப் படிக்க வைப்பே? பசங்க படிப்பு நின்னா கஷ்டம். இவளுக்கு இடம் நன்னா வந்திருக்கு, முடிச்சுடு" என்றார் அப்பாவிடம். அவர் சொன்னதில் தப்பாக ஒன்றும் இருந்ததாக அன்று யாருக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் 15 வயது, நானும் அங்கேதான் இருந்தேன்.

பெரியப்பா எதிரில் அம்மா வாயைத் திறந்து நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஒரு யுத்தத்துக்கு ஒரு பொண்ணு படிப்பை விட்டாச்சு. அது போறும்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்பா ஜாதகத்தை மடித்துப் பெரியப்பாவிடமே கொடுத்தார். அக்கா 1967-இல் பட்டம் வாங்கி, பிறகு பி.டி. முடித்து, முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தாள். அவளிடம் படித்த பெண்கள் இன்று எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். அம்மா 2016-இல் காலமானாள், 88 வயதில். டிரங்குப் பெட்டியில் கொண்டுபோன புஸ்தகங்களில் ஒன்று, ஒரு ஜியாமெட்ரி, அக்காவிடம் இருக்கிறது.

இப்போது நாம் செய்யக்கூடியது

இது பழங்கதை, இப்போது நம் வீடுகளில் பெண்கள் படிக்காமலா இருக்கிறார்கள் என்று கேட்கலாம். படிக்கிறார்கள், அமெரிக்காவரை போகிறார்கள், சந்தோஷம். ஆனால் 2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடியபோது, நாட்டில் எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு கைப்பேசி இருந்தது. பாடம் அதில்தான் வந்தது. கைப்பேசி யார் கைக்குப் போயிருக்கும், யார் சமையலறைப் பக்கம் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு அம்மாவின் அரிக்கேன் விளக்குதான் நினைவுக்கு வந்தது. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வருகிறவளின் பெண் அந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு பள்ளிக்குத் திரும்பினாளா என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்?

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்கள்.

ஒன்று. நம் உறுப்பினர் குடும்பங்களில் திடீர் கஷ்டம் வந்தால், வேலை போயிற்று, வியாதி வந்துவிட்டது, சம்பாதிப்பவர் போய்விட்டார் என்றால், அந்த வீட்டில் படிக்கும் பெண் குழந்தை இருக்கிறாளா என்று கிளைக்காரர்கள் முதலில் விசாரிக்கவேண்டும். அவர்கள் வந்து மனு கொடுக்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நான் அரசாங்கத்தில் இருந்தவன், மனு கொடுக்கக் கூச்சப்பட்டே வராமல் இருந்துவிடுபவர்கள் எவ்வளவு பேர் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் அடுத்த பருவக் கட்டணம், புத்தகம், தங்க ஒரு நல்ல இடம், இந்த மூன்றுக்கு வழி செய்துவிட்டால் போதும். கும்பகோணத்தில் ஒரு பெண் தங்கிப் படிக்க நம்பிக்கையான ஒரு வீடு 1942-இல் கிடைத்திருந்தால் என் அம்மா பட்டதாரியாகியிருப்பாள். இன்று நமக்குப் பல நகரங்களில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். வெளியூரில் படிக்க வரும் பெண் குழந்தைக்கு நம்பிக்கையான இடம் காட்டுவது நமக்குப் பெரிய காரியம் இல்லை.

இரண்டு. 1942-இல் பத்து வயது ஆகியிருந்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. உங்கள் அகத்திலோ, அடுத்த அகத்திலோ அப்படி ஒரு பாட்டி இருந்தால், இந்த மாதமே போய் உட்கார்ந்து பேசுங்கள். "யுத்தத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்காதீர்கள். "எனக்கு என்ன தெரியும், தாத்தா இருந்தா சொல்லுவார்" என்றுதான் பதில் வரும். எவாகுவேஷனுக்கு எந்த ஊருக்குப் போனேள், எந்த வண்டியில் போனேள் என்று கேளுங்கள். அப்போ என்ன பாரம் படிச்சேள், எப்போ நின்னுது, பள்ளிக்கூடத்துல எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேளுங்கள். ரேஷன்ல என்ன கொடுத்தா, அதை வெச்சு என்ன பண்ணேள் என்று கேளுங்கள். ஆத்துல விளக்கு யார்கிட்டே இருந்தது என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து, இரண்டு பக்கம் எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பேத்திகள் கேட்டால் இன்னும் நன்றாகச் சொல்லுவார்கள் என்பது என் அனுபவம்.

சரித்திரப் புத்தகத்தில் சிங்கப்பூர் விழுந்த தேதி இருக்கிறது. ஒரு நாலாவது பாரப் பெண்ணின் படிப்பு நின்ற தேதி எங்கேயும் இல்லை. அது அந்தப் பாட்டிகளின் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எழுதி வைத்துக்கொள்வோம்.